குதிரைக் குடலில் நோய்க்கிருமிகளின் பரவல்

குதிரைகளின் குடலில் தீங்கு விளைவிக்கும் பாக்டீரியாக்கள் எவ்வளவு பரவலாக உள்ளன என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் விடை கிடைப்பதில்லை. தேடப்படும் கிருமி எது, குதிரையின் வயது என்ன, அது பண்ணையில் மேய்கிறதா மருத்துவமனைக் கொட்டிலில் நிற்கிறதா, அதன் லத்தி ஒருமுறை சோதிக்கப்பட்டதா ஐந்து முறை சோதிக்கப்பட்டதா என்பவற்றைப் பொறுத்து அந்த எண் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கும். நூற்றுக்குத் தொண்ணூறையும் தொடும். இரண்டும் முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் கிடைத்தவையே. கிருமி குடலில் தங்கியிருப்பது வேறு, அது நோயை உண்டாக்குவது வேறு என்பதை மறந்து இவ்வெண்களைப் படிப்பவர்கள் ஒன்று தேவையற்ற அச்சத்துக்கு ஆளாகிறார்கள், இல்லையேல் தேவையற்ற நிம்மதியில் தங்கிவிடுகிறார்கள்.

மும்பை வட்டாரத்தில் இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அன்று. 1883இல் அமைக்கப்பட்ட மகாலக்ஷ்மி பந்தயத் திடலின் லாயங்களில் நிற்கும் உயர்குலப் பந்தயக் குதிரைகள் ஒருபுறம் இருக்க, கல்யாண், உல்லாஸ்நகர், அம்பர்நாத் பகுதிகளில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்படும் பெண்குதிரைகளும், ஜூஹூ கடற்கரையில் குழந்தைகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளும், மோட்டார் வாகனங்களுக்குத் தடையுள்ள மாதேரான் மலைநகரில் ஆளையும் மூட்டையையும் ஏற்றிச் செல்லும் நூற்றுக்கணக்கான குதிரைகளும் இதே நிலப்பரப்பில் வாழ்கின்றன. மாதேரானின் கீழ்ச்சரிவை ஒட்டிப் பாயும் உல்லாஸ் ஆறே கர்ஜத், பத்லாப்பூர் வழியாக இறங்கி, 1949இல் தன் பெயரால் பெயரிடப்பட்ட உல்லாஸ்நகரைக் கடந்து செல்கிறது. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் விடுமுறைக்கு மாதேரான் செல்லும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகள் வாழ்நாளில் முதன்முதலாகத் தொடும் குதிரை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

பரவலைப் பற்றிப் பேசுமுன் குதிரைக் குடலின் அமைப்பை அறிய வேண்டும். மாடு தன் தீவனத்தை முன்வயிற்றில் நொதிக்க வைக்கிறது. குதிரையோ இரைப்பையும் சிறுகுடலும் தம் வேலையை முடித்த பிறகே, பின்குடலில் நொதிக்க வைக்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 30 லிட்டர் கொள்ளளவும் கொண்ட குருட்டுக்குடலும், அதைத் தொடர்ந்து 80 லிட்டர் வரை கொள்ளும் பெருங்குடலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழும் இடங்களாகும். புல்லின் நாரை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கித் தரும் இந்நுண்ணுயிர்களே, புல்லை உண்டு வாழும் குதிரைக்குத் தேவையான ஆற்றலில் பெரும் பங்கை ஈட்டித் தருகின்றன. இடத்தையும் உணவையும் அவை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால் புதிதாக வந்து சேரும் நோய்க்கிருமிக்கு வேரூன்ற இடமிருப்பதில்லை. ஆகவே நோய்க்கிருமியின் பரவல் என்பது உண்மையில் இந்தக் குடியிருப்பு எந்த அளவுக்குக் குலையாமல் இருக்கிறது என்பதன் மறுபக்கமே. பட்டினி, நெடும்பயணம், வெப்பம், அறுவைச் சிகிச்சை, திடீர்த் தீவன மாற்றம், எல்லாவற்றுக்கும் மேலாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவை அதைக் குலைக்கும்.

குதிரைக் குடலின் நோய்க்கிருமிகளுள் அதிகம் ஆராயப்பட்டது சால்மொனெல்லா. 1885இல் அமெரிக்காவில் டேனியல் சால்மன், தியோபால்டு ஸ்மித் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் இனங்காணப்பட்ட இப்பாக்டீரியா இனத்தில் இன்று 2,500க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று குதிரையினத்துக்கே உரியது. அபார்ட்டஸ் ஈக்வி எனப்படும் அது கழிச்சலைக் காட்டிலும் சினைக் குதிரைகளில் கருச்சிதைவையே உண்டாக்குகிறது. தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் பென்சில்வேனியாவில் பிரித்தெடுத்த இக்கிருமி பல மேலை நாடுகளில் அருகிவிட்ட போதிலும் இந்தியாவில் தொடர்ந்து காணப்படுவதால், ஹிசாரில் 1985இல் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அதற்கெதிராகத் தடுப்பூசி உருவாக்கியது. கழிச்சலை உண்டாக்கும் டைஃபிமூரியம், நியூபோர்ட், அகோனா முதலிய பிற வகைகளோ குதிரை, மாடு, கோழி, மனிதன் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை.

அமெரிக்க வேளாண் துறை 1998, 1999 ஆண்டுகளில் நாடு தழுவிய அளவில் நடத்திய கணக்கெடுப்பில், பண்ணைகளில் நலமாக இருந்த குதிரைகளுள் லத்தியில் சால்மொனெல்லா காணப்பட்டவை 0.8 விழுக்காடு மட்டுமே. வயிற்றுவலிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குதிரைகளில் இவ்விகிதம் பத்து விழுக்காட்டை ஒட்டியும் சில இடங்களில் அதற்கு மேலும் உயர்ந்து காணப்படுகிறது. நோயுற்ற குதிரைகள் எல்லாம் வெளியிலிருந்து கிருமியைப் பெற்றுக்கொண்டு வருகின்றன என்று இதற்குப் பொருள் கொள்வது பிழையாகும். குறைந்த எண்ணிக்கையில் மறைந்திருந்த கிருமி, குடல் குலைந்ததும் பெருகி லத்தியில் வெளிப்படுகிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிபு. மேலும் இக்கிருமி லத்தியில் விட்டுவிட்டு வெளியாவதால் ஒரு மாதிரியில் கிடைக்காதது அடுத்த நாள் மாதிரியில் கிடைக்கும். இதனாலேயே ஒரு குதிரையில் சால்மொனெல்லா இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், வளர்ப்பூடகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையை, பொதுவாக ஐந்து மாதிரிகளிலாவது செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை விரைவானது, நுட்பமானது. ஆனால் இறந்துபோன கிருமியையும் அது கணக்கில் சேர்த்துவிடும். ஒரே மாதிரியை மட்டும் சோதித்துப் பரவலைக் கணக்கிட்ட ஆய்வுகள் உண்மையைக் குறைத்துக் காட்டுகின்றன என்பதையும், பி.சி.ஆர். மட்டுமே செய்தவை ஓரளவு கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் மனத்தில் கொண்டே எந்த அட்டவணையையும் படிக்க வேண்டும்.

சால்மொனெல்லா நோயின் போக்கு கடுமையானது. காய்ச்சலும் சோர்வும் தொடங்கிய ஒன்றிரண்டு நாளில் நீராகக் கழிச்சல் ஏற்பட்டு, வளர்ந்த குதிரை ஒரு நாளில் பல பத்து லிட்டர் நீரை இழக்கும். குடற்சுவர் சிதைந்து கிருமியின் உள்நச்சு இரத்தத்தில் கலந்தால் குளம்பின் உட்படலம் வீங்கி, உயிர் பிழைத்த குதிரையும் நொண்டியாகிவிடும். பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் கால்நடை மருத்துவமனை, பல மருந்துகளுக்கு அடங்காத நியூபோர்ட் வகைக் கிருமி பரவியதால் 2004இல் மூடப்பட்டு, முற்றிலும் தூய்மை செய்யப்பட்ட பிறகே திறக்கப்பட்டது. அந்நிகழ்வின் இழப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டியதாகக் கணக்கிடப்பட்டது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனையும் 1996இல் இன்ஃபான்டிஸ் வகையால் இதே நிலைக்கு ஆளாயிற்று. பண்ணையில் நூற்றுக்கு ஒன்றாக இருப்பது, நோயுற்ற குதிரைகள் நெருங்கி நின்று, நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் நாள்தோறும் போடப்படும் கூரைக்குள் என்ன ஆகும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

குளோஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்களின் கதை வேறு. காற்றில்லாத இடத்தில் வளரும் இவை, பாதகமான சூழலில் தடித்த உறை கொண்ட வித்துகளாக மாறி மண்ணிலும் லாயத் தரையிலும் நெடுங்காலம் உயிர்த்திருக்கும். இவற்றுள் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்பது பிறந்த குட்டிகளில் ஏறத்தாழ எங்கும் உள்ளது: கொலராடோவில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், மூன்று நாள் வயதுள்ள குட்டிகளில் 90 விழுக்காட்டின் லத்தியில் அது காணப்பட்டது. அக்குட்டிகளுள் பெரும்பாலானவை எந்தத் துன்பமும் இன்றித் தாய்ப்பால் குடித்துத் துள்ளிக்கொண்டிருந்தவை. ஆகவே கழிச்சல் கண்ட குட்டியின் லத்தியில் பெர்ஃபிரிஞ்சன்ஸ் இருக்கிறது என்று எழுதித் தரும் ஆய்வுக்கூட அறிக்கை, அதனளவில், எதையும் நிறுவுவதில்லை. அக்கிருமி எந்த நச்சைச் சுரக்கிறது என்று சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விவரித்த நெட்-எஃப் என்னும் நச்சு, குட்டிகளின் குடலை அழுகச் செய்யும் கொடிய வகையைச் சாதாரண வகையிலிருந்து பிரித்தறிய உதவியது. கிருமியை எண்ணும் ஆராய்ச்சி நச்சை எண்ணும் ஆராய்ச்சியாக மாறியது இத்துறையின் அண்மைக்காலத் திருப்பங்களுள் மிகப் பயனுள்ளது.

இக்குடும்பத்தின் மற்றொரு கிருமியான டிஃபிசைல், 1935இல் மனிதக் கைக்குழந்தைகளின் மலத்தில் முதலில் கண்டறியப்பட்டு, நெடுங்காலம் தீங்கற்றதாகக் கருதப்பட்டு, 1978இல்தான் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டவர்களின் பெருங்குடல் அழற்சிக்குக் காரணம் என்று தெரியவந்தது. 2016இல் பெயர்மாற்றம் பெற்று இப்போது குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் எனப்படுகிறது. குதிரைகளிலும் மனிதரில் காணும் நிலையே: நலமான குட்டிகளிடம் மிகுதி, வளர்ந்த குதிரைகளிடம் குறைவு, மருந்து உண்டவற்றிடம் ஆபத்து. சுவீடனில் பாவெருட் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வுகள் இதில் முன்னோடியானவை. நுரையீரல் அழற்சிக்காக எரித்ரோமைசின் ஊட்டப்பட்ட குட்டிகள் நலமாகத் தேற, அருகில் நின்ற தாய்க் குதிரைகள் கடும் கழிச்சலில் மாண்டன. குட்டியிடமிருந்து மிகச் சிறிதளவு மருந்து தாயின் குடலுக்குச் சென்று, அங்கிருந்த நல்ல நுண்ணுயிர்களை அழித்து, டிஃபிசைலுக்கு வழிவிட்டதே காரணம் என்று அவ்வாய்வுகள் சுட்டின. மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி, பக்கத்து லாயக்காரர் சொன்ன அளவில் குதிரைக்குக் கொடுக்கும் வழக்கம் உள்ள நாட்டில் இந்தச் சுவீடன் பாடத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

குட்டிகளைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். பிறந்த குட்டி தன் தாயின் லத்தியைத் தின்னும். பின்குடலில் நுண்ணுயிர்களைக் குடியேற்றும் இயற்கையின் ஏற்பாடு இது. குட்டி பிறந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தோன்றும் இலேசான கழிச்சலும் இக்குடியேற்றத்தின் அடையாளமே அன்றி நோயன்று. இக்கழிச்சல் கண்டவுடன் மருந்து ஊட்டுபவர்களே தீங்கு செய்கிறார்கள். ஆனால் அதே வழியில் ரோடோகாக்கஸ் ஈக்வி என்னும் பாக்டீரியாவும் உள்ளே செல்கிறது. 1923இல் சுவீடனில் மேக்னுசன் கண்டறிந்த இக்கிருமி குதிரைகளின் லத்தியிலும் லத்தி கலந்த மண்ணிலும் ஏறத்தாழ எல்லாப் பண்ணைகளிலும் உள்ளது. வளர்ந்த குதிரையை அது ஒன்றும் செய்வதில்லை. ஒன்று முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகள் வறண்ட நிலத்தின் புழுதியோடு அதைச் சுவாசிக்கும்போதுதான் நுரையீரலில் சீழ்க்கட்டிகள் உண்டாகின்றன. அவ்வாறு இறந்த குட்டிகளைப் பிணக்கூறு செய்து பார்த்ததில் ஏறத்தாழ பாதியின் குடலிலும் புண்கள் காணப்பட்டன. தாய்க் குதிரையின் குடலில் எவ்வளவு உள்ளது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, லாயத்தின் புழுதியையும் நெரிசலையும் குறைப்பதே இங்குப் பயன் தரும். பால் மறக்கும் பருவத்துக் குட்டிகளின் சிறுகுடலைத் தடிக்கச் செய்து, இரத்தப் புரதத்தைக் குறைத்து, வயிற்றடியில் நீர் கோக்க வைக்கும் லாசோனியா என்னும் கிருமியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பண்ணைகளில் நோய் எதிர்ப்பொருள் காணப்படும் குட்டிகள் பலவாகவும் நோயுறுபவை சிலவாகவும் உள்ளன.

தீவனத்தின் பங்கைத் தமிழக வரலாறே எடுத்துக் காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகள் வந்திறங்கியதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோவும் எழுதியுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துபோயின என்றும், அவற்றுக்கு இறைச்சியோடு வேகவைத்த சோறு கொடுக்கப்பட்டது என்றும், குதிரை மருத்துவம் அறிந்தவர்கள் அங்கு இல்லை என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். பயணிகளின் மிகைப்படுத்தலுக்கு இடம் கொடுத்து வாசித்தாலும், இன்றைய அறிவைக் கொண்டு பார்க்கையில் அச்செய்தி நம்பத்தக்கதாகவே உள்ளது. மாவுச்சத்து மிகுதியாகச் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு வரும்போது, அங்கு வழக்கமாகச் சிறுபான்மையாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லாக்டோபேசிலஸ் வகைகள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அமிலம் ஏறியதும் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் மடிந்து, அவற்றின் உள்நச்சு இரத்தத்தில் கலந்து, வயிற்றுவலியும் குளம்பு நோயும் தோன்றுகின்றன. இங்கே வெளியிலிருந்து வந்த நோய்க்கிருமி எதுவும் இல்லை. எந்தக் குதிரையின் குடலிலும் நூற்றுக்கு நூறு உள்ள, எந்தக் கணக்கெடுப்பிலும் தீயவை என்று குறிக்கப்படாத பாக்டீரியாக்களே கொல்கின்றன. கலியாண வீட்டில் ஆளாளுக்கு லட்டும் வெல்லமும் ஊட்டி மகிழும் ஊர்வலக் குதிரைக்கும், பருவகாலக் கூட்டம் வந்தவுடன் புல்லைக் குறைத்துத் தவிட்டையும் கொண்டைக்கடலையையும் கூட்டும் சுமைக் குதிரைக்கும் உள்ள ஆபத்து இவ்வகையைச் சேர்ந்தது.

இந்தியச் சூழலுக்கு வருகையில் ஒரு முரண் தெளிவாகத் தெரிகிறது. இந்நாட்டின் கால்நடை நுண்ணுயிரியல் குதிரைகளோடு நெருங்கிய தொடர்புடையது: 1889இல் பூனாவில் தொடங்கப்பட்டு 1893இல் முக்தேசுவருக்கு மாற்றப்பட்ட பேரரசு பாக்டீரியாவியல் ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவரான ஆல்ஃப்ரெட் லிங்கார்டு, குதிரைகளைத் தாக்கும் சுர்ரா நோயை ஆராய்ந்தவர். மும்பை பரேலில் 1886இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதனோடு இணைந்த பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் நூற்றாண்டைக் கடந்து இயங்கி வருகின்றன. ஆனால் குதிரையினத்தின் தொற்றுநோய்க் கண்காணிப்பு என்றால் நடைமுறையில் அது கிளாண்டர்ஸ் என்னும் மூக்கு, தோல் நோயைச் சுற்றியே அமைந்துள்ளது. 2006இல் மகாராஷ்டிரத்தில் அந்நோய் மீண்டும் தலைதூக்கிய பிறகு இது இன்னும் வலுப்பெற்றது. மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடிய நோய் என்பதால் அது நியாயமே. குடல் கிருமிகள் குறித்த அறிவோ பந்தயக் குதிரை, படைக் குதிரை, இனவிருத்திப் பண்ணை ஆகிய மூன்று வட்டங்களிலேயே பெரும்பாலும் சேர்கிறது. மருத்துவர் உள்ள இடத்தில் மாதிரி எடுக்கப்படுகிறது. மாதிரி எடுக்கப்படும் இடத்தில் கிருமி கிடைக்கிறது. நெரிசல், புழுதி, தீவன மாற்றம், கண்டபடி மருந்து என்று குடலைக் குலைக்கும் காரணங்கள் அனைத்தும் ஒன்றுகூடும் ஊர்வலக் குதிரையின் லத்தி ஆய்வுக்கூடத்தை எட்டுவது அரிது.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சமாகக் குறைந்தன. முந்தைய 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் இது 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வீழ்ச்சி. எண்ணிக்கை குறைவதால் சிக்கலும் குறையும் என்று எண்ண இடமில்லை. வருமானம் சுருங்கும் தொழிலில் முதலில் வெட்டப்படுவது மருத்துவச் செலவுதான். மும்பையின் விக்டோரியா குதிரை வண்டிகளைச் சட்டவிரோதம் என்று 2015 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அக்குதிரைகள் நின்ற லாயங்களின் நிலையும் விசாரணையில் பேசப்பட்டது. மகாலக்ஷ்மித் திடலின் 211 ஏக்கரில் 120 ஏக்கர் மாநகராட்சிக்குச் செல்வது குறித்து 2024இல் நிகழ்ந்த விவாதத்திலோ ஏக்கர்க் கணக்கு பேசப்பட்ட அளவுக்கு லாயங்களின் நலவாழ்வு பேசப்படவில்லை. நிலத்துக்கு விலை உண்டு, லத்திக்கு இல்லை.

மனிதருக்கு வரக்கூடிய தீங்கை அளவோடு மதிப்பிட வேண்டும். மும்பைவாசிக்குச் சால்மொனெல்லா வரும் வழிகளில் முட்டையும் கோழிக்கறியும் தெருவோரத் தண்ணீரும் முன்னிற்க, குதிரை மிகப் பின்னால் நிற்கிறது. ஆயினும் கழிச்சல் கண்ட குதிரையைப் பராமரிப்பவரும், அவர் வீட்டுக் கைக்குழந்தையும், குதிரையேறிய கையோடு வடாபாவ் தின்னும் சிறுவனும் தனியாகக் கருதத்தக்கவர்கள். டிஃபிசைல் கிருமியின் வித்துகளைச் சாராயம் கலந்த கைத்தூய்மித் திரவம் அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி அகற்றுவதே வழி. லாயத் தரைக்கு, லத்தியை முழுவதும் அகற்றிக் கழுவிய பிறகு இடும் குளோரின் கரைசல் பயன்படும். லத்தியின் மேலேயே அதைத் தெளிப்பது வீண். ஈரத்தில் நெடுநாள் பிழைக்கும் சால்மொனெல்லாவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கொங்கண மழை சாதகமான காலம்; மாதேரான் பாதைகளில் கிடக்கும் லத்தி அம்மழையோடு ஓடைகளில் இறங்குகிறது.

வளர்ந்த குதிரைகளில் காணும் கடுங்கழிச்சலுக்கு, வசதிமிக்க மருத்துவமனைகளிலும்கூட, பாதிக்கு மேற்பட்டவற்றில் திட்டவட்டமான காரணம் கண்டறியப்படுவதில்லை என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடற்புழுக்களின் இளம்பருவங்கள் குடற்சுவரைக் கிழித்து வெளியேறும்போதும் இதே அறிகுறிகள் தோன்றும். வலிநீக்கி மருந்துகளின் மிகையான பயன்பாடும் பெருங்குடலைப் புண்ணாக்கும். எனவே லத்தியில் ஒரு பாக்டீரியா அகப்பட்டவுடன் அதன்மேல் பழியைப் போட்டு ஊசியைத் தொடங்குவது அறிவியலும் ஆகாது, சிக்கனமும் ஆகாது.

மாதேரானில் குதிரைகளுக்கு உரிமம் வழங்கப்படுகிறது. அந்த உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் ஒவ்வொரு குதிரையிடமிருந்தும் லத்தி மாதிரி எடுத்துப் பரேல் கல்லூரிக்கு அனுப்புவதும், அதனுடன் தீவனம், மருந்து, பயணம் பற்றிய நான்கைந்து கேள்விகளைக் குதிரைக்காரரிடம் கேட்டுப் பதிவு செய்வதும் பெருஞ்செலவு பிடிக்கும் பணிகள் அல்ல. கல்யாண், உல்லாஸ்நகர் மாநகராட்சிகள் ஊர்வலக் குதிரைகளுக்கும் இதையே செய்யலாம். கிருமி கிடைத்த குதிரையைத் தடை செய்வதற்காக இச்சோதனை நடத்தப்பட்டால் எந்தக் குதிரைக்காரரும் மாதிரி தர முன்வரமாட்டார். கிடைத்த குதிரைக்கு இலவச மருத்துவமும் சில நாள் ஓய்வுக்கான ஈட்டுத்தொகையும் உண்டு என்று அறிவித்துவிட்டே மாநகராட்சிகளும் கால்நடைத் துறையும் இதைத் தொடங்க வேண்டும்.